துணி புதிது, ரப்பர் பழையது: பில்லியர்ட்ஸ் மேஜைகளின் மறைந்திருக்கும் நோய்

புதுதில்லி: பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் புதிய பச்சைத் துணி போர்த்தப்பட்ட முதல் வாரத்தில் கிளப்புகளில் வழக்கமாக எழும் புகார் ஒன்று உண்டு. மேஜையின் நடுவில் வழுக்கிக்கொண்டு ஓடும் பந்து, விளிம்பில் மோதியதும் களைத்துப்போய் நின்றுவிடுகிறது. துணி சரியில்லை என்கின்றனர் ஆட்டக்காரர்கள். துணி விற்றவர் மறுக்கிறார். தரை மட்டமாக இல்லையோ என்று நிர்வாகக் குழு ஐயுறுகிறது. கடைசியாக அழைக்கப்படும் மிஸ்திரி, விளிம்பைக் கட்டைவிரலால் இங்கொன்றும் அங்கொன்றுமாக அழுத்திப் பார்த்துவிட்டு, ரப்பருக்கு உயிர் போய்விட்டது என்கிறார். துணியைப் பிரித்தபோதே என்னைக் கேட்டிருக்கலாமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்த விளிம்புக்குத்தான் குஷன் என்று பெயர். பெயரைக் கேட்டதும் நாற்காலியில் போடும் மெத்தை நினைவுக்கு வரும். பெயர் வந்த காரணமும் ஏறத்தாழ அதுவே. ரப்பர் வருவதற்கு முன்பு இந்த விளிம்புகளில் துணிக் கிழிசலையும் முடியையும் அடைத்துத் தைத்திருந்தனர். இன்று மரச் சட்டத்தின் முகப்பில் ஒட்டப்பட்ட ரப்பர் பட்டையும், அதன்மேல் இழுத்துப் போர்த்தப்பட்ட துணியும் சேர்ந்ததே குஷன்.

முழு அளவு ஸ்னூக்கர் மேஜையை 12-க்கு 6 அடி என்று சொல்வது வழக்கம். குஷன் முகப்பிலிருந்து முகப்பு வரை அளந்தால் ஆடுகளம் 11 அடி எட்டரை அங்குல நீளமும், 5 அடி 10 அங்குல அகலமும் கொண்டது. சுற்றளவு 35 அடி. இதில் ஆறு பொந்துகளின் வாயை விட்டுவிட்டு, எஞ்சிய இடம் முழுவதும் ஆறு துண்டுகளாக ரப்பர் ஓடுகிறது. கீழே ஐந்து சிலேட்டுக் கற்கள். மேஜையின் எடை ஒரு டன்னுக்கு மேல். இத்தனை கனத்துக்கும் நடுவே, கைவிரல் அகலமே உள்ள இந்த ரப்பர் பட்டைதான் அடித்த பந்து எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெரியாததே சிக்கலுக்குக் காரணம். துணி கிழிந்தால் உறுப்பினர்கள் முறையிடுகின்றனர். வெளுத்துப் போனால் செயலாளருக்கு வெட்கமாக இருக்கிறது. ரப்பர் கிழிவதுமில்லை, வெளுப்பதுமில்லை. அது நாள்தோறும் சிறிது சிறிதாகக் கெடுகிறது. நாள்தோறும் ஆடுபவர்களின் கையும் அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வெளியூரிலிருந்து வந்து முதன்முறையாக அந்த மேஜையில் ஆடுபவருக்கே வித்தியாசம் புலப்படும்.

வெயிலும் பனியும்: பழைய காகிதக் கட்டில் சுற்றிவைத்த ரப்பர் வளையம் சில ஆண்டுகள் கழித்துத் தொட்டதும் அறுந்து விழுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தின்கின்றன. வெப்பமும் ஒளியும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. துணிக்குள் இருப்பதால் குஷன் ரப்பர் மெதுவாகக் கெடுகிறது என்பதைத் தவிர வேறு சலுகை எதுவும் அதற்கில்லை. முதலில் பந்து வந்து மோதும் மூக்கு போன்ற முனை இறுகுகிறது. பின்னர் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. இதற்கிடையே பின்புறப் பசை வறண்டு, ரப்பர் மரத்திலிருந்து ஆங்காங்கே விலகிக்கொள்கிறது. அப்படி விலகிய இடத்தில் பந்து மோதும்போது ஒலியே மாறிவிடும். நல்ல குஷனில் அடக்கமான ஒலி. கெட்ட குஷனில் வெற்றுப் பெட்டியைத் தட்டியது போன்ற ஒலி.

தில்லி போன்ற ஊரில் இந்தக் கேடு விரைவாக நிகழ்வதில் வியப்பில்லை. ஜூன் மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொடுகிறது. ஜனவரி விடியற்காலையில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பகலெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் இரவு அதை நிறுத்திவிட்டால், ரப்பரும் மரமும் பசையும் தினமும் ஒருமுறை விரிந்து சுருங்க வேண்டியிருக்கிறது. மூன்றும் ஒரே அளவில் விரிவதில்லை. மழைக்காலத்தில் துணி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பந்தைத் தாமதப்படுத்துகிறது. அப்போது குற்றம் துணியுடையதா ரப்பருடையதா என்று பிரித்தறிவது, பழகிய கைக்கும் எளிதல்ல. குளிர்காலக் காலை வேளையில் மந்தமாக இருந்த குஷன் பிற்பகலில் சற்று உயிர் பெற்றால், அந்த ரப்பரில் இன்னும் சாரம் இருக்கிறது என்று பொருள். பிற்பகலிலும் அப்படியே கிடந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெந்நீர் ஒத்தடம் பெற்ற மேஜைகள்: குளிரில் குஷன் மந்தமாவது புதிய செய்தியல்ல. லண்டனைச் சேர்ந்த மேஜைத் தயாரிப்பாளர் ஜான் தர்ஸ்டன் 1826-இல் மேஜைக்குச் சிலேட்டுக்கல் அடித்தளத்தைக் கொண்டுவந்தார். 1835-இல் ரப்பர் குஷனைக் கொண்டுவந்தார். ஆனால் அது பதப்படுத்தப்படாத ரப்பர். இங்கிலாந்தின் குளிரில் அது கட்டையாக இறுகிவிடும். ஆட்டம் தொடங்குமுன் நீளமான உலோகக் கலன்களில் வெந்நீர் நிரப்பிக் குஷன் ஓரமாக வைத்து, ஒத்தடம் கொடுப்பதுபோல் அதைச் சூடேற்றிய பிறகே ஆடினர். 

அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-இல், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது குளிரில் இறுகாமலும் வெயிலில் இளகாமலும் நிற்கும் என்று கண்டார். 1844-இல் அவர் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹேன்காக் அதே காலத்தில் அதே வழியைக் கண்டு காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளுக்குள் தர்ஸ்டன் மேஜைகளில் பதப்படுத்திய ரப்பர் இடம்பிடித்தது. விக்டோரியா அரசியின் விண்ட்சர் கோட்டைக்கும் அந்த நிறுவனத்தின் ரப்பர் குஷன்கள் சென்றன. இன்றும் சர்வதேசத் தொழில்முறைப் போட்டிகளுக்கான மேஜைகளில் கல்லுக்கு அடியில் மின் சூடேற்றிகள் பொருத்தப்படுகின்றன. வெந்நீர்க் கலன் போய் மின்சாரம் வந்திருக்கிறதே தவிர, ரப்பரின் குணம் முழுவதும் மாறிவிடவில்லை.

அந்த மேஜைகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. தர்ஸ்டன், பர்ரோஸ் அண்ட் வாட்ஸ் ஆகிய பெயர்கள் பொறித்த தகடுகளைப் பழைய கிளப்புகளில் காணலாம். ராணுவ முகாம்களில் மழைக்காலப் பொழுதைப் போக்க வேறு வழியில்லாத அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றியே கிடந்தனர். மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் 1875-ஆம் ஆண்டு, நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி அப்போதைய ஆட்டங்களுடன் கூடுதலான வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடத் தொடங்கியதே ஸ்னூக்கரின் பிறப்பு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லேன் வேறு ஒருவர். ஆட்டத்தின் விதிகள் 1880-களில் உதகமண்டலம் கிளப்பின் சுவரில் எழுதி மாட்டப்பட்டன. இந்த உரிமையைச் சேம்பர்லேனே 1938-இல் லண்டன் "தி ஃபீல்டு" இதழுக்கு எழுதிய கடிதத்தில் கோரினார். ஆக, ஆட்டம் இங்கே பிறந்தது. அதற்கான மேஜையும் ரப்பரும் வெளியிலிருந்து வந்தன.

சாம்பியன்களின் நாடு: தனிநபர் விளையாட்டு எதிலும் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஒரு பில்லியர்ட்ஸ் வீரர் என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. வில்சன் ஜோன்ஸ் 1958-இல் அந்தப் பட்டத்தைக் கல்கத்தாவில் வென்றார். 1964-இல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். மைக்கேல் ஃபெரேரா 1978-இல் ஒரே ஆட்டமுறையில் 1,149 புள்ளிகள் எடுத்தார். கீத் சேத்தி 1992-இல் 1,276 புள்ளிகள் குவித்தார். ஸ்னூக்கரில் ஓம் அகர்வால் 1984-இல் உலக அமெச்சூர் பட்டம் பெற்றார். பெங்களூரின் பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டிலுமாக 2024-ஆம் ஆண்டுவரை 28 உலகப் பட்டங்களை வென்றுள்ளார்.

ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் ஒரே மூச்சில் எடுப்பது என்றால் பொருள் என்ன? பல நூறு முறை பந்தை மென்மையாகத் தட்டி, ஒவ்வொரு முறையும் அடுத்த அடிக்கு வாகான இடத்தில் பந்துகளை நிறுத்த வேண்டும். குஷனை ஒட்டியே மூன்று பந்துகளையும் அங்குலம் அங்குலமாக நகர்த்திச் செல்லும் ஆட்டமுறையும் பில்லியர்ட்ஸில் உண்டு. அப்போது ரப்பர் ஓரிடத்தில் இறுகியும் அடுத்த சாண் தூரத்தில் நெகிழ்ந்தும் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். மேதைகளின் கை என்று நாம் வியப்பதில், பெயர் தெரியாத ஏதோ ஒரு மிஸ்திரி ஒழுங்காக ஒட்டிய ரப்பருக்கும் பங்கு உண்டு.

உண்மையான இழப்பு சாம்பியன்களுக்கு அல்ல. அவர்களுக்கு நல்ல மேஜை எங்கே இருக்கிறது என்பது தெரியும்; அங்கே சென்று ஆடவும் முடியும். தில்லியின் மாடி அறைகளிலும் சந்தைகளின் நிலவறைகளிலும் மணிக்கணக்கில் வாடகை செலுத்தி ஆடும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் நிலை வேறு. குஷனிலிருந்து பந்து திரும்பும் கோணத்தை மூளையில் பதிய வைத்துக்கொள்வதே இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. பந்து போன கோணத்திலேயே திரும்பும் என்று எண்ணி அடிக்கிறான் மாணவன். செத்த ரப்பர் அதை வேறெங்கோ தள்ளிவிடுகிறது. தவறு தன்னுடையதா மேஜையுடையதா என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. நாளடைவில் அந்தக் கெட்ட மேஜைக்கேற்ற கணக்கைக் கற்றுக்கொள்கிறான். மாநிலப் போட்டியில் புதிய ரப்பர் கொண்ட மேஜை முன் நிற்கும்போது, கற்ற கணக்கெல்லாம் பொய்த்துப்போகிறது. பூல் ஆட்டத்தில் இன்னும் மோசம்: இலக்குப் பந்தைத் தொட்ட பிறகு ஏதேனும் ஒரு பந்து பொந்தில் விழவேண்டும், அல்லது குஷனைத் தொடவேண்டும், இல்லையென்றால் தவறு. குஷன் அங்கே ஆட்ட விதிக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது.

தலைநகரில் 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைபெற்ற இந்தியன் ஓபன், தரவரிசைப் புள்ளிகள் வழங்கும் தொழில்முறை ஸ்னூக்கர் போட்டிகளில் நம் நாட்டில் நடந்த முதலாவது. ஆதித்ய மேத்தா இறுதிச் சுற்றுவரை முன்னேறி, சீனாவின் டிங் ஜுன்ஹுயிடம் தோற்றார். அந்த ஒரு வாரம் தில்லிக்காரர்கள் பந்து எப்படி ஓடவேண்டும் என்பதைக் கண்ணால் கண்டனர். மறுவாரம் தங்கள் வட்டார மேஜைக்குத் திரும்பியவர்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை ஊகிக்கலாம்.

மிஸ்திரியின் வேலை: வட இந்தியாவில் கைவினைஞர் எவரையும் மிஸ்திரி என்றே அழைக்கின்றனர். நம்மூர் மேஸ்திரியும் இந்த மிஸ்திரியும் போர்ச்சுகீசிய மொழியின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவர்கள். நம்மிடம் அது கட்டட வேலையோடு ஒட்டிக்கொண்டது. இங்கே குழாய் பழுதுபார்ப்பவர் முதல் பில்லியர்ட்ஸ் மேஜை பொருத்துபவர் வரை அனைவருக்கும் பொதுவாயிற்று.

அவர் கொண்டுவரும் கருவிகளைப் பார்த்தால் தச்சர் என்றே தோன்றும். ரசமட்டம், உளி, அரம், சிறு சுத்தியல், கூரிய கத்திகள், பசை டப்பா. முதலில் பொந்துகளைச் சுற்றியுள்ள தோலையும் உலோகத் தகடுகளையும் எடுக்கிறார். பிறகு கல்லின் பக்கவாட்டில் குஷன்களை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுகிறார். ஆறு குஷன்களுக்கும் எண்ணிட்டுக்கொள்வது கட்டாயம். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக அமராது. பழைய மேஜைகளில் ஒவ்வொரு துளையும் கையால் இடப்பட்டது.

துணியை நீக்கினால் பழைய ரப்பர் வெளிப்படும். சில இடங்களில் விரலால் இழுத்தாலே தோல்போல் உரிந்து வரும். சில இடங்களில் உளி வைத்துச் சுரண்டினாலும் மரத்தோடு வந்துவிடுவேன் என்று அடம்பிடிக்கும். இந்தச் சுரண்டும் வேலைதான் நெடுநேரம் பிடிப்பது. பழைய பசையின் திட்டு ஒன்று எஞ்சினாலும் அதற்கு மேல் ஒட்டும் புதிய ரப்பர் அந்த இடத்தில் புடைத்து நிற்கும். மரம் உளுத்திருந்தாலோ, உளி ஆழப் பாய்ந்திருந்தாலோ அங்கே மரத்தூள் கலவை அடைத்துத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். அவசரக்காரர்கள் தப்பிக்கப் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான். துணி மூடிவிட்டால் அடியில் சுரண்டினாரா இல்லையா என்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

பின்னர் மரத்திலும் ரப்பரிலும் பசை பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருக்கிறார். ஈரப்பதம் மிகுந்த மழை நாளில் இந்தக் காத்திருப்பு நீள்கிறது. பசையின் மேல் ஈரம் படிந்துவிட்டால் பிடிப்பும் குறைகிறது. எனவே மழைக்காலத்தில் இந்த வேலையை எடுக்கத் தயங்குபவர்கள் உண்டு.

ரப்பரை வைத்து ஒட்டும் அந்தச் சில நிமிடங்களில் தொழில் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிகின்றனர். ரப்பர் நீளக் கூடியது. ஒரு முனையை ஒட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்து இழுத்து ஒட்டுவதே புதியவரின் இயல்பு. பார்வைக்கும் நேராக, அழகாக இருக்கும். ஆனால் இழுத்து ஒட்டிய ரப்பர் தன் பழைய நீளத்துக்குத் திரும்பவே முயன்றுகொண்டிருக்கும். சில மாதங்களில் பொந்துகளின் ஓரத்தில் அது மரத்தைவிட்டு விலகத் தொடங்கும். இழுபட்ட இடத்தில் மெலிந்தும், இழுபடாத இடத்தில் தடித்தும் இருப்பதால் பந்து திரும்பும் வேகமும் இடத்துக்கு இடம் மாறும். தேர்ந்த கை ரப்பரை இழுப்பதில்லை. கிடக்கிற வாக்கில் கிடத்தி, சாண் சாணாக அழுத்திக்கொண்டே போகிறது.

முனைகளை வெட்டுவதற்கு முன் கத்தியை நனைத்துக்கொள்கின்றனர். உலர்ந்த கத்தி ரப்பரைப் பிடித்து இழுத்துப் பிசிறாக்கிவிடும். பூல் மேஜையில் பொந்தின் வாய் நேர்க்கோட்டு வெட்டு: மூலைப் பொந்துக்கு 142 டிகிரி, நடுப் பொந்துக்கு 104 டிகிரி, ஒரு டிகிரி கூடவோ குறையவோ செய்யலாம். ஸ்னூக்கர் மேஜையில் அது வளைவு. அரத்தால் தேய்த்துத் தேய்த்து, வளைவின் அச்சைப் பொருத்திப் பார்த்து உருவாக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் தாராளப் பொந்து. எவர் அடித்தாலும் விழும். கொஞ்சம் குறைந்தால் கஞ்சப் பொந்து. கிளப்புகளில் எந்த மேஜையில் பந்து சுலபமாக விழும் என்று உறுப்பினர்களிடையே பேச்சு உண்டு. அது யாரோ ஒருவர் என்றோ பிடித்த அரத்தின் விளைவு.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு: ரப்பரின் மூக்கு எந்த உயரத்தில் பந்தைத் தொடவேண்டும் என்பது கண்ணளவில் முடிவு செய்யும் விஷயம் அல்ல. பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு மட்டத்தில் அடித்தால் அது சறுக்காமல் உருளத் தொடங்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் கோரியோலிஸ் 1835-இல் பில்லியர்ட்ஸ் பற்றிய தம் நூலில் கணக்கிட்டுக் காட்டினார். காற்றோட்டமும் கடலோட்டமும் பூமியின் சுழற்சியால் விலகுவதை விளக்க இன்று பள்ளிப் புத்தகங்களில் வரும் அதே கோரியோலிஸ்தான். ஆனால் நடைமுறையில் குஷன் அதைவிடச் சற்றுத் தாழ்வாகவே அமைகிறது. பூல் விளையாட்டின் உலக அமைப்பு வகுத்த விதிப்படி, 57.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்துக்குக் குஷன் மூக்கின் உயரம் அந்த விட்டத்தில் 62.5 முதல் 64.5 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது 35.7-க்கும் 36.9-க்கும் இடையே. அனுமதிக்கப்பட்ட இடைவெளி ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும் மட்டுமே. மூக்கு தாழ்ந்தால் வேகமாக வரும் பந்து துள்ளிக் குதித்து மேஜையைவிட்டு வெளியேறும். உயர்ந்தால் பந்தைக் கீழ்நோக்கி அமுக்கி வேகத்தைக் கொன்றுவிடும். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர்தான் என்பதால் அதற்கான உயரம் வேறு, ரப்பரின் வடிவமும் வேறு.

இங்கேதான் பெரும் குழப்பம் நிகழ்கிறது. ரப்பர் பட்டைகள் பல வடிவங்களில் விற்பனைக்கு வருகின்றன. ஒன்பது அடி பூல் மேஜைகளில் பரவலாக இடம்பெறுவது கே-66 எனப்படும் முக்கோண வடிவம். கே-55 அதைப் போலவே தோன்றும். ஆனால் அதற்கேற்ற மரச் சட்டத்தின் சாய்வு வேறு. ஸ்னூக்கர் மேஜைக்கு ஆங்கில "எல்" எழுத்தை ஒத்த பட்டை வேண்டும். எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கிக் கையில் கொடுத்து, ஒட்டிக்கொடுங்கள் என்று சொல்லும் உரிமையாளர்கள் குறைவல்ல. ஒட்டலாம், ஒட்டும். ஆனால் மூக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கிவிடும். புதிய ரப்பர் போட்டும் பந்து குதிக்கிறதே என்று அப்போது மிஸ்திரியையே குறைகூறுவார்கள். தெரிந்த மிஸ்திரி பழைய பட்டையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சென்று, வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புதியதை வாங்குகிறார். பழையதே தவறான வடிவமாக இருந்தால்? அதையும் அவர் மரத்தின் சாய்வை அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

ரப்பர் விளையும் நாட்டில்: இயற்கை ரப்பரில் பெரும்பங்கு கேரளத்தில் விளைகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் நீண்ட காலமாக ரப்பர் தோட்டங்கள் உள்ளன. வடகிழக்கில் திரிபுரா முக்கிய இடம் பெற்றுள்ளது. குஷனுக்குத் தேவைப்படுவதும் இயற்கை ரப்பரை அடிப்படையாகக் கொண்ட சரக்குதான். ஆனாலும் போட்டித் தரத்துக்கு மேஜை வேண்டும் என்போர் இங்கிலாந்து, ஜெர்மனி ரப்பர்களின் பெயரையே சொல்லிக் கேட்கின்றனர். பாலில் குறையில்லை. கந்தகமும் பிற சேர்மானங்களும் எந்த விகிதத்தில் கலந்து, எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் வேக வைப்பது என்பதிலும், 35 அடி நீளத்துக்கும் ஒரே நெகிழ்ச்சி இருப்பதிலும்தான் வித்தியாசம். டயர் தொழிலில் உலக அளவில் போட்டியிடும் நாட்டுக்கு இது இயலாத காரியமல்ல. ஆண்டுக்கு எத்தனை மேஜைகளுக்கு ரப்பர் மாற்றப்போகிறார்கள் என்று கணக்குப் போடும் பெரிய ஆலை எதுவும் இதில் இறங்காது என்பதே உண்மை நிலவரம்.

செலவுக் கணக்கும் ரப்பருக்கு எதிராகவே நிற்கிறது. குஷன் ரப்பரை மாற்றினால் குஷன் துணியையும் மாற்ற வேண்டும். கழற்றிய துணி மீண்டும் பொருந்தாது. கூலியும் கூடுதல், மேஜை முடங்கும் நாள்களும் கூடுதல். மணிக்கணக்கு வாடகையில் பிழைக்கும் விளையாட்டு நிலையத்துக்கு ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. கிளப்புகளில் நிர்வாகக் குழு ஆண்டுதோறும் மாறுகிறது. துணி மாற்றிய குழுவுக்குப் பெயர் கிடைக்கிறது. ரப்பர் மாற்றிய குழுவுக்குத் தீர்மானத்தில் நன்றி தெரிவித்ததாகச் செய்தி இல்லை. ஆகவே, துணியைப் பிரிக்கும்போதே ரப்பரையும் பார்த்துவிடலாம் என்ற எளிய யோசனை, இந்த முறை வேண்டாம் அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போகிறது. அடுத்த முறை வேறு குழு இருக்கும். பொதுப் பணத்தில் வாங்கி, பராமரிப்புக்கு என்று தனி ஒதுக்கீடு இல்லாமல் விடப்படும் மேஜைகளின் கதி இன்னும் மோசம்.

தொழிலாளர்களின் நிலையும் நம்பிக்கை தருவதாக இல்லை. தில்லி, கோல்கத்தா, மும்பை, பெங்களூர் ஆகிய நகரங்களில் மேஜை தயாரிப்போரும் பழுதுபார்ப்போரும் உள்ளனர். சிறு ஊர்களில் மேஜை கெட்டால் இங்கிருந்துதான் ஆள் ரயிலேறிப் போகவேண்டும். ஐ.டி.ஐ.க்களில் தச்சுத் தொழில் உண்டு, பொருத்துநர் பயிற்சி உண்டு; பில்லியர்ட்ஸ் மேஜைக்கு என்று தனிப் பாடம் இல்லை. ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, கல் தூக்கி, பசை கிண்டி, சில ஆண்டுகளுக்குப் பின் கத்தியைக் கையில் பெறுவதே பயிற்சி. சான்றிதழ் கிடையாது. போட்டி தொடங்கும்போது நடுவர், புரவலர், தலைவர், செயலாளர் எனப் பலரது பெயர்களும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகின்றன. முதல்நாள் நள்ளிரவுவரை மேஜைக்கு அடியில் படுத்துப் போல்ட்டு முடுக்கியவரின் பெயர் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் 2010-இல் குவாங்ஜௌவில் நடந்ததற்குப் பிறகு, 2014, 2018, 2023 ஆகிய மூன்று முறையும் இந்த விளையாட்டுக்கு இடமளிக்கப்படவில்லை. பதக்கம் இல்லாத இடத்துக்கு அரசுப் பணம் தாராளமாக வருவதில்லை. அதன் தாக்கம் வீரர்களைத் தாண்டி மேஜைகள்வரை செல்கிறது.

ரப்பர் கெட்டுவிட்டதா என்று அறிய ஆட்டக்காரர்களே செய்துபார்க்கக்கூடிய சோதனை எளியது. பூல் மேஜை என்றால் பந்தை அதன் தொடக்கப் புள்ளியில் வைத்து, நடுவில், கோல் மட்டமாக, உறுதியாக அடிக்க வேண்டும். அது தரையைவிட்டு எழும்பாமல் மேஜையின் நீளத்தைக் குறைந்தது நான்கு முதல் நாலரை முறை கடக்க வேண்டும் என்பது விதி. ஸ்னூக்கர் மேஜையில் ஒரே வேகத்தில் ஆறு குஷன்களிலும் மோதவிட்டு, திரும்பி வரும் தூரத்தை ஒப்பிட்டாலே போதும். ஆறும் ஒரே அளவில் மந்தமாக இருந்தால் முதுமை. ஒன்று மட்டும் மந்தம் என்றால் ரப்பரைக் குறை கூறுவதற்கு முன் போல்ட்டைப் பார்க்க வேண்டும். தளர்ந்த போல்ட்டை முடுக்கியதும் சரியாகிப்போன குஷன்கள் ஏராளம். அதற்கு மிஸ்திரி கூலி வாங்குவதற்கே கூச்சப்படுவார்.

புதிய ரப்பர் போட்ட மேஜையில் முதல் சில நாள்கள் பந்து ஓட்டமாய் ஓடும். மந்தமான குஷனுக்குப் பழகிய மூத்த உறுப்பினர்களின் அடி தூரம் தாண்டிப் போகும். பழையதே நன்றாக இருந்தது என்ற முணுமுணுப்பும் எழும். மிஸ்திரிகள் இதற்குப் பழகியவர்கள். வேலை முடிந்ததும் ஆறு குஷன்களையும் எண்ணைப் பார்த்து அவற்றின் இடத்தில் பொருத்தி, போல்ட்டுகளை ஒரே அழுத்தத்தில் முடுக்குகின்றனர். சிலர், துணி போர்த்துவதற்கு முன்பு குஷன் மரத்தின் பின்புறம் பென்சிலால் தம் பெயரையும் தேதியையும் எழுதிவைப்பதுண்டு. அடுத்த முறை அந்தக் குஷனைக் கழற்றும் மிஸ்திரிதான் அதைப் படிப்பார்.